கிரவல் அக்காவின் கரியர்

உலகத்தில் சைக்கிள் செய்கிறவர்கள் அத்தனை பேரும் மடையர்கள் என்று நம்பிய ஒரே மனுஷி எங்கள் கிரவல் அக்காதான். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினார். அந்த ஆதாரம் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் கார் பார்க்கில், என்னுடைய காருக்கும் சுவருக்கும் நடுவில் சாய்ந்து நின்றது. ஸ்டாண்ட் இல்லாததால் சாய்ந்து நின்றது. ஸ்டாண்ட் இல்லை என்பதுதான் அக்காவின் முதலாவது ஆதாரம்.

அக்காவும் அவருடைய கணவரும் இப்போது ஹொலண்டில், மகனோடு. அங்கே தெருவில் ஓடுகிற சைக்கிள் எல்லாவற்றுக்கும் கரியர் இருக்கிறதாம். திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அக்கா என்ன பாடுபடுகிறாரோ தெரியாது. அவர் இல்லாமல் எங்கள் ஃபிளாட் கமிட்டிக் கூட்டங்கள் உப்பில்லாத சொதி மாதிரிப் போய்விட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். கரண்ட் பில்லில் கட்டாயம் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூன்றாம் மாடி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய், சைக்கிளில் டியூஷன் போய், சைக்கிளில் வேலைக்குப் போனவர். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த அன்று காலி வீதியின் வாகன நெரிசலைப் பார்த்தார், சைக்கிளை விட்டார். "இஞ்ச வந்து என்ர காலுக்கு வேலையில்லாமப் போச்சு தம்பி" என்று லிஃப்டில் ஏறும்போதெல்லாம் என்னிடம் சொல்லுவார். அந்த லிஃப்டுக்கும் பாதி நாள் வேலையில்லை என்பது வேறு கதை.

அவர் கிரவல் அக்கா ஆனது ஒரு வட்ஸ்அப் செய்தியால். ஃபிளாட் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். வேறு ஒருவரும் வர மாட்டோம் என்றதால் செயலாளர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் குழுவில் அக்கா போட்டார்: "மகன் ஹொலண்டில் இருந்து கிரவல் அனுப்பியிருக்கிறான். நாளைக் காலமை வரும். கார் பார்க்கில் இறக்க இடம் தேவை. ஆராவது ஒரு கை குடுத்தால் பெரிய உதவி."

கிரவல் என்றால் எங்கள் நாட்டில் என்ன? சிவப்பு மண்ணும் கல்லும் கலந்தது. றோட்டுக்குப் போடுவது. கியூப் கணக்கில் அளந்து டிப்பர் லொறியில் வந்து, கண் மூடித் திறக்கிறதற்குள் மலை மாதிரிக் கொட்டிவிட்டுப் போவது. குழு கொதித்தது. அவசரக் கூட்டம் கூடியது. ஹொலண்டில் இருந்து ஏன் கிரவல் வர வேண்டும் என்று முதலாம் மாடி டொக்டர் கேட்டார். நல்ல கேள்விதான். அதற்குக் கீழ்மாடி ஐயா, "அவங்கள் கடலை நிரப்பித்தானே நாடு செய்தவங்கள், மிச்சம் கிடந்திருக்கும்" என்றார். அந்த விளக்கம் எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. என்னை மேலே அனுப்பினார்கள்.

"அக்கா, கட்டிட வேலை செய்யிறதெண்டால் கமிட்டியிட்ட முதல்ல கேக்க வேணும்" என்றேன்.

"என்ன கட்டிடம் தம்பி?"

"கிரவல் எத்தினை கியூப் வருது?"

"கியூபோ? ஒண்டுதான் வருது."

"ஒரு கியூபை எங்க அக்கா கொட்டுறது? கார் எல்லாம் எங்க விடுறது?"

"ஏன் கொட்டுறீங்கள்? சுவரில சாத்தி வைப்பம்."

கிரவலைச் சுவரில் சாத்தி வைக்கிற மனுஷியோடு மேலே என்ன கதைப்பது? நான் இறங்கி வந்து, நாளைக்குக் கேற்றைப் பூட்டி வைக்கும்படி செக்கியூரிட்டியிடம் சொன்னேன். மறுநாள் பூட்டிய கேற்றுக்கு வெளியே வந்து நின்றது டிப்பர் அல்ல, ஒரு சின்ன வான். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு மட்டைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சைக்கிள்.

விஷயம் இதுதான். பிறந்தநாளுக்கு என்ன வேணும் என்று மகன் கேட்டிருக்கிறான். "கிரவல் றோட்டில ஓடக்கூடிய சைக்கிள் ஒண்டு வாங்கித் தா ராசா" என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஊர் ஒழுங்கைகளில் ஓடுகிற மாதிரி நல்ல பெலமான சைக்கிள் என்பது அக்காவின் கருத்து. அங்கே கடைகளில் கிரவல் பைக் என்றே ஒரு சாதி இருக்கிறது. பிள்ளை அம்மா சொன்னதை அப்படியே, சொல்லுக்குச் சொல் வாங்கி அனுப்பிவிட்டான்.

கார் பார்க்கில் வைத்தே அக்கா மகனுக்கு வீடியோ கோல் எடுத்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"ராசா, சைக்கிளில பாதி வரேல்லை."

"எல்லாம் வந்திட்டுது அம்மா."

"கரியர் எங்க? ஸ்டாண்ட் எங்க? மட்கார்ட் எங்க? பெல் எங்க? செயின் கவர் எங்க?"

"அது கிரவல் பைக் அம்மா. அது அப்பிடித்தான் வரும்."

"ஹாண்டிலும் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சு போய்க் கிடக்கு. பெட்டிக்குள்ள நெரிபட்டுப் போச்சுப் போல."

"அதுவும் அப்பிடித்தான் அம்மா வரும்."

அக்கா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "வெளிநாட்டுப் பிள்ளை எண்டு தெரிஞ்சு ஏமாத்திப் போட்டாங்கள்" என்றார். ஹொலண்டில் மகன்தான் வெளிநாட்டுக்காரன் என்பது அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது.

அடுத்த ஞாயிறு சைக்கிளை என் காரின் டிக்கியில் பாதி, வெளியே பாதியாகக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அங்கே சைக்கிள் திருத்துகிற ஒரு முஸ்லிம் நானாவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். நானா சைக்கிளைச் சுற்றி வந்தார். தூக்கிப் பார்த்தார். ஒரு விரலில் தொங்கியது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"அக்கா, இது ரேஸ் சாமான். இதுல கெரியர் அடிக்க ஏலா."

"ஏன் ஏலாது? பின்சில்லு இருக்கு. அதுக்கு மேல காத்து இருக்கு. அந்தக் காத்தில ஒரு கரியரை வையுங்கோ."

"வடிவு கெட்டுப் போகும் அக்கா."

"வடிவைப் பாத்து நான் என்ன கலியாணமே கட்டப் போறன்?"

நானா என்னைப் பார்த்தார். நான் றோட்டைப் பார்த்தேன். "சரி, என்னத்த ஏத்தப் போறீங்க? மரக்கறியா, அரிசியா? அதச் சொன்னாத்தான் கம்பி எடுக்கலாம்" என்றார்.

"மரக்கறி இல்லை நானா. எங்கட அவரை."

நானாவின் கையில் இருந்த ஸ்பானர் அப்படியே நின்றது.

இந்த இடத்தில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவரை நாங்கள் மனேஜர் ஐயா என்போம். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் பாதிச் சனம் ஒரு காலத்தில் அவருக்கு முன்னால் கதிரை நுனியில் இருந்து கதைத்தவர்கள். கண்ணில் பிறஷர் ஏறி நரம்பு பட்டுப்போய், ஐயாவுக்கு இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும்தான் தெரியும். பார்வை போன நாளில் இருந்து மனுஷன் படி இறங்கவில்லை. வெள்ளைத் தடி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அது பொலித்தீன் கழற்றாமல் கதவுக்குப் பின்னால் நின்றது. அக்கா கையைப் பிடித்தால், "நான் என்ன நேர்சரிப் பிள்ளையே?" என்று உதறிவிடுவார். கடற்கரை நடக்கிற தூரம்தான். ஆனால் வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரம் நிற்கிறவர்கள் முழுக்க நம்மட சனம். அவர்களுக்கு முன்னால் மனுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி நடக்க ஐயாவால் முடியாது. பல்கனியில் ஒரு கதிரையில் இருப்பார். எதிரே பக்கத்து ஃபிளாட்டின் குசினி. அவர்களுடைய கறி வாசத்தைத் தவிர வேறு ஒன்றும் அவரிடம் வந்து சேரவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்தப் பல்கனியை நிமிர்ந்து பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை.

"ஊரில என்னைக் கரியரில ஏத்தி ஏத்தி, டபிள்ஸ் போய் போய்த்தான் கலியாணம் பேசினவர்" என்றார் அக்கா, நானாவிடம். "இப்ப நான் ஏத்திறன். அவருக்குக் காத்துப் படவேணும் நானா. இல்லாட்டி அந்தக் கதிரையிலயே மனுசன் முடிஞ்சு போயிடும்."

"எவ்வளவு பாரம் இருப்பாரு?" நானாவின் குரல் இறங்கிவிட்டது.

"முந்தி நல்ல பாரம். இப்ப காய்ஞ்ச முருங்கைக்காய்."

நானா வேலைக்கு இறங்கினார். கட்டிலுக்குப் போடுகிற மாதிரித் தடித்த கம்பி எடுத்து, அச்சில் இருந்து இரண்டு பக்கமும் கால் கொடுத்து ஒரு கரியர் செய்தார். அதற்கு மேல் றெக்ஸீனில் மெத்தை. ஸ்டாண்ட், பெல், மட்கார்ட், முன்னால் கூடை. கடைசியில் அக்கா கேட்காமலே பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் கால் வைக்க இரண்டு கம்பி நீட்டிவிட்டார். "மனுசன்ட கால் சில்லுக்குள்ள போனாப் பாவம்தானே" என்றார். ஒரு விரலில் தொங்கிய சைக்கிளை நாங்கள் இரண்டு பேர் பிடித்துக் காரில் ஏற்றினோம்.

கரியர் வந்துவிட்டது. ஓடுவதற்கு இடம்? "வாகனமும் வரக்கூடாது, எங்கட சனமும் வரக்கூடாது. அப்பிடி ஒரு இடம் இருக்கோ தம்பி?" என்று அக்கா கேட்டார். முதலாவது கிடைக்கலாம், இரண்டாவதைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன்.

நாலாம் மாடியில் ஒரு கம்பியூட்டர்காரப் பொடியன் இருந்தான். பொடியன் என்பது மரியாதைக்கு, முப்பத்தைந்து இருக்கும். ஞாயிறு விடிய உடம்போடு ஒட்டிய மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு, அதே மாதிரி ஒட்டிய உடுப்புக்காரர் ஒரு கூட்டத்தோடு சைக்கிள் ஓடப் போவான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கெப்டன். வான் ஒன்றில் ஏறி, சைக்கிள்களை ஒரு சின்ன லொறியில் ஏற்றி, களனி ஆற்றோடு மேலே அவிசாவளைப் பக்கம் போவார்கள். அங்கே ஆற்றங்கரையில் ஒரு காடு. காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் செக்கச் செவேல் என்று ஒரு கிரவல் பாதை. வாகனம் நுழையாதபடி வாசலில் கொங்கிரீட் கட்டைகள் நட்டிருக்கிறது. டொக்டர் எனக்குச் சுகர் என்று சொன்னதில் இருந்து நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து, கடைசி ஆளாக மூச்சு வாங்கிக்கொண்டு போவேன். முதல் நாள் அங்கே ஹோர்ன் சத்தம் இல்லாமல் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு அக்காவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அக்காவின் சைக்கிளைக் கண்ட கெப்டனுக்குக் கண் கலங்கியது.

"அன்ரி, இந்த பைக்குக்கு என்ன நடந்தது?"

"குறையாத்தான் வந்தது. திருத்துவிச்சனான்."

சேலையை இழுத்துச் செருகி, ஊசி குத்தி, கன்வஸ் சப்பாத்தோடு அக்கா ஏறினார். ஏறினாரா, பறந்தார். நாற்பது வருசம் சைக்கிள் தொடாத கால் என்று யார் சொல்லுவார்கள்? கெப்டனின் கூட்டம் பின்னால் இளைத்தது. வந்த வினை அதுவல்ல. யாழ்ப்பாணத்தில் எதிரே பெரியவர்கள் வந்தால் சைக்கிளில் இருந்து இறங்கி நின்று வழிவிட்டுத்தான் ஏற வேண்டும், அது அந்த ஊர் மரியாதை. அக்கா அந்த மரியாதையைக் களனி ஆற்றங்கரைக்கும் கொண்டு வந்துவிட்டார். விறகுக் கட்டோடு ஒரு சிங்களக் கிழவர் எதிரே வந்தார். அக்கா டக்கென்று இறங்கினார். பின்னால் வந்த கெப்டன் அக்காவில் மோதினான். கெப்டனில் இன்னொருவன் மோதினான். அப்படியே வரிசையாக எல்லோரும் விழுந்து முடிய, கடைசியாக நான் ஆறுதலாக வந்து சேர்ந்தேன். கிழவர் விறகை இறக்கி வைத்துவிட்டு எங்களைத் தூக்கி விட்டார்.

அடுத்த வாரம் பாதையைக் குறுக்கறுத்து ஒரு கபரகொய்யா, பெரிய உடும்புச் சாதி, போனது. ஆள் நீளம். ஆற்றுக்குக் குளிக்கப் போகிற நடை. அக்கா அதற்கும் இறங்கினார்.

"அன்ரி, அது அனிமல்!" என்று கெப்டன் கத்தினான்.

"இருக்கட்டும். பாக்கவே தெரியேல்லையே, என்னை விட மூப்பு."

கபரகொய்யா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கும் அந்தக் காட்டில் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

இனி டபிள்ஸ் பழக்கம். ஐயாவை ஏற்றுவதற்கு முன் யாரையாவது ஏற்றிப் பார்க்க வேண்டும். ஃபிளாட்டின் செயலாளர் என்றால் எல்லாவற்றுக்கும் செயலாளர்தான். ஐயா முருங்கைக்காய் என்றால் நான் பூசணிக்காய். அக்கா முன்னால் மிதிக்க, நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த கடவுள் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். ஆற்றங்கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷி எழும்பி நின்று பார்த்தார்.

"அனே பவ்! மஹத்தயாட்ட அசனீபத?" ஐயோ பாவம், இந்த மனுஷனுக்குச் சுகமில்லையா என்று கேட்கிறார்.

"நே, நே" என்று நான் அவசரமாகத் தலையை ஆட்டினேன்.

"ஓவ், டிகக்" என்றார் அக்கா. ஓம், கொஞ்சம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த மனுஷி என்னைக் கண்டால் நெஞ்சில் கை வைத்து இரக்கப்படுவார். நானும் நோயாளி மாதிரிச் சிரித்துவிட்டுப் போவேன்.

அக்கா தயார். சைக்கிள் தயார். பாதை தயார். ஐயா மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை. ஒருநாள் நான் வீட்டில் இருக்கும்போதே அந்தக் கதை நடந்தது.

"இஞ்சாருங்கோ, கரியர் போட்டு வச்சிருக்கிறன். இந்த ஞாயிறு வாங்கோவன்."

"உமக்கென்ன விசரே? நான் உம்மை ஏத்தின ஆள். நீர் என்னை ஏத்திறதோ? சனம் வழிச்சுச் சிரிக்கும்."

"அங்க சனமே இல்லையப்பா."

"சனம் இல்லாத இடமெண்டு ஒண்டு இல்லை."

அக்கா குசினிக்குள் போய்விட்டார். சட்டி பானை உருளுகிற சத்தம் கேட்டது. அக்கா அழுதால் சட்டி பானைதான் உருளும் என்பது மூன்றாம் மாடி முழுக்கத் தெரிந்த விஷயம்.  என் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, எங்களுக்கு ஒரு ஆள் தேவைப்படுது" என்றேன். "நாங்கள் எல்லாரும் சைக்கிளில போனாப் பிறகு வானுக்குப் பொறுப்பா ஒருத்தரும் இல்லை. சாமான் எல்லாம் அப்பிடியே கிடக்கு. பொறுப்பான ஒரு மனுசன் இருந்தால்..."

ஐயா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். எத்தனையோ வருசம் பெரிய இரும்புப் பெட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்த மனுஷன். "பொறுப்பெண்டால் வரத்தான் வேணும்" என்றார்.

கண் தெரியாத ஒருவரை வானுக்குக் காவல் வைத்த ஒரே சைக்கிள் கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். ஞாயிறு விடிய ஐயா மடிப்புக் கலையாத நீள்காற்சட்டையும் பளபளக்கிற சப்பாத்துமாக, ஒரு கையால் படியின் கம்பியைப் பிடித்து, மறுகையால் என் தோளைப் பிடித்து இறங்கி வந்தார். என் தோள் அவருக்குக் குற்றமில்லை. அது அலுவல் விஷயம். முன்சீட்டில் ஏறினார். காட்டு வாசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். நாங்கள் திரும்பி வந்ததும் அறிக்கை தந்தார். "ரெண்டு நாய் வந்தது. ஒருத்தன் வானைச் சுத்தி நடந்தவன். ஆரது எண்டு ஒரு சத்தம் போட்டன், போயிட்டான்." போனவன் வானின் டிரைவர். தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறான். நாங்கள் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கண்ணாடி இறங்கியது. அதற்கு அடுத்த ஞாயிறு கதவு திறந்திருந்தது. பிறகு ஒருநாள் நாங்கள் வரும்போது ஐயா கீழே இறங்கி, கதவைப் பிடித்தபடி, ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அக்கா தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். ஐயாவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று எங்களையும் கையைக் காட்டி நிற்க வைத்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் அழுதிருப்பேன், கெப்டனுக்கு முன்னால் அது வெட்கம்.

அடுத்த ஞாயிறு நாங்கள் காட்டு வாசலுக்குப் போனது ஒரு மழைக்கு அடுத்த நாள். "இண்டைக்கு நீங்கள் எல்லாரும் முன்னுக்குப் போங்கோ. என்ன வந்தாலும் திரும்பி வராதேங்கோ" என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். விளங்கியது: ஒருத்தரும் பார்க்காவிட்டால் ஐயா கரியரில் ஏறுவார். மற்றவர்களுக்கும் சொன்னேன். சத்தம் போடாமல் கிளம்பினோம். கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம், இரவு மழைக்கு ஒரு பெரிய மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னால் போக வழியில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் காடு. என்ன செய்வது என்று முழித்துக்கொண்டு நிற்கும்போதே வளைவுக்கு அந்தப் பக்கம் பெல் கேட்டது.

"ஐயோ, வருகினம்" என்றேன்.

ஐயா எங்களைக் கண்டுபிடித்தால் கதை முடிந்தது. அந்த இடத்திலேயே இறங்கிவிடுவார். பிறகு வானும் இல்லை, காடும் இல்லை, பல்கனிக் கதிரைதான். எல்லோரும் சைக்கிளைப் பற்றைக்குள் படுக்கப் போட்டுவிட்டு, பாதை ஓரத்தில் மரங்களோடு மரமாக நின்றோம். மஞ்சளும் செம்மஞ்சளும் உடுத்த மரங்கள். ஐயாவுக்குத் தெரியாதுதான். ஆனால் கெப்டனின் சப்பாத்தின் அடியில் இரும்பு. அசைந்தால் கல்லில் கடகட என்று கேட்கும். "ஒருத்தரும் அசைய வேணாம்" என்று அவனே வாயை மட்டும் அசைத்துச் சொன்னான்.

வளைவால் வந்தார்கள். அக்கா முன்னால், சேலை செருகி, மூச்சு வாங்கி மிதித்துக்கொண்டு. பின்னால் ஐயா, நானா வைத்த கம்பியில் பளபளக்கிற சப்பாத்தை ஊன்றி, இரண்டு கையாலும் சீட்டை இறுக்கிப் பிடித்து, வங்கிக் கதிரையில் இருக்கிற மாதிரி நேராக. காற்று அவருடைய தலைமயிரைக் கலைத்துக்கொண்டிருந்தது. வாய் ஓயவில்லை.

"மெல்லமாப் போம். என்ன ஓட்டம் இது? பள்ளத்தில விடாதையும்."

"பேசாம இருங்கோ. என்ர கவனம் போகுது."

"ஊரில நான் இப்பிடியே உம்மைக் கொண்டு போனனான்? தண்ணி தளும்பாமக் கொண்டு போனனான்."

"வாய்க்காலுக்குள்ள விழுத்தினதை மறந்து போனீங்களோ?"

ஐயா சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "இஞ்சாரும், ஆரும் நிக்கினமோ?" என்று கேட்டார்.

அக்கா அந்த நேரம்தான் எங்களைக் கண்டார். வரிசையாக, தடித் தடியாக, எல்லோரும் நிற்கிறோம். சைக்கிள் ஒருமுறை ஆடியது. அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, குரலில் ஒரு நெளிவும் இல்லாமல் சொன்னார்:

"ஒரு ஈ காக்கா இல்லையப்பா."

எங்களைத் தாண்டிப் போனார்கள். தாண்டிப் போகும்போது ஐயா சீட்டில் இருந்து ஒரு கையை எடுத்து அக்காவின் தோளில் வைத்தார். விழுந்த மரத்தடியில் அக்கா இறங்கி, அவரை இறக்கி, சைக்கிளைத் திருப்பி, மறுபடி ஏற்றுகிற சத்தம் கேட்டது. அதற்குள் என் சப்பாத்துக்குள்ளால் ஏதோ குளிராக ஏறியது. குனியாமல் கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்தேன். அட்டை. மழை பெய்த காடு, கேட்க வேண்டுமா? ஒன்று காலுறையைத் தாண்டிவிட்டது, மற்றது தாண்டிக்கொண்டிருந்தது. கெப்டனைப் பார்த்தேன். எறும்பு கடித்தாலே அம்புலன்ஸ் கேட்கிற ஆள். அவனுடைய முழங்காலில் ஒன்று ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்தார்கள்.

"இப்ப ஆரும்?"

"ஒருத்தருமில்லை எண்டு சொல்லிப்போட்டனெல்லே."

ஐயா முகத்தை உயர்த்தி ஆற்றுக் காற்றை ஒருமுறை நன்றாக இழுத்தார். பிறகு, கடைக்குக் கூட்டிப்போன பிள்ளை இன்னொரு இனிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்:

"அப்ப இன்னொருக்கால் போட்டு வருவமே?"

  அக்கா பெல்லை அடித்துவிட்டு வளைவுக்கு மிதித்தார். நான் காலைத் தட்டவில்லை. கெப்டனும் தட்டவில்லை. அட்டைகள் வேண்டுமட்டும் குடிக்கட்டும் என்று விட்டோம். அந்த இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் போய் வந்து களைக்கும்வரை அந்தக் காட்டில் ஒருத்தருமே இல்லை.